விழிப்புலனற்ற நிரலாளரும் லினக்ஸ் கெர்னலும்: திரைவாசிப்புக் கருவிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே கணினியின் உட்கருவைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின், இங்கு ஆராயப்படுவது அடிப்படையில் வாசிப்பேயாகும். எழுதப்பட்டதொன்றைக் கண்ணாற் காணாத ஒருவர் அதனை எவ்வாறு வாசிக்கிறார், வாசிப்பதோடமையாது எவ்வாறு திருத்துகிறார், அவருக்கென ஆக்கப்பட்ட கருவிகள் அத்திருத்தத்துக்கு எவ்வளவு தூரம் துணைநிற்கின்றன என்பனவே நம்முடைய வினாக்கள். பிரதியை நுணுகி நோக்குவதையே தொழிலாகக் கொண்ட விமர்சகனுக்கு இவை அந்நியமான வினாக்களல்ல. இதனை எழுதுபவனுக்கு விழிப்புலன் உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் முறை. ஆதலால் விரல்நுனியின் அனுபவத்தையோ செவியின் அனுபவத்தையோ அளந்து கூறும் உரிமையை அவன் கோரவில்லை. கருவிகளின் அமைப்பையும் அவ்வமைப்பின் பின்னேயுள்ள நோக்கையும் பற்றியே பேச முற்படுகிறான்.

பணிசெயல் முறைமையொன்றின் நடுவே நின்று, வன்பொருளுக்கும் ஏனைய நிரல்களுக்கும் இடையே இணக்கஞ் செய்யும் பகுதி கெர்னல் எனப்படும். 1991ஆம் ஆண்டிலே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்டதாய், பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டதாய் விளங்குகின்றது. எவரும் அதனைத் திறந்து படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். திருத்தங்கள் படமோ அலங்காரமோ இல்லாத வெற்றெழுத்து மின்னஞ்சலாகவே அனுப்பப்படல் வேண்டும் என்பது அங்கு நெடுங்காலமாக நிலவும் மரபு. இம்மரபு விழிப்புலனற்றோரை மனங்கொண்டு ஏற்பட்டதன்று. ஆயினும் அவர்களுக்கு இதைவிட வாய்ப்பான முறை வேறொன்று இருத்தலரிது. வெற்றெழுத்தைக் குரலாக்கலாம், பிரெயிற் புள்ளியாக்கலாம், அதிலே கண்ணுக்கென்றே ஒளித்துவைக்கப்பட்டது ஏதுமில்லை.

இவ்வளவு வாய்ப்பான களத்திலே இடர்ப்பாடு எங்கே தோன்றுகின்றது? திரைவாசிப்பான் என்பது திரையில் உள்ளதை எடுத்து ஒலியாகவோ பிரெயிலாகவோ தரும் ஒரு நிரல். அந்நிரல் இயங்குவதற்கு ஒலியட்டை இயங்கவேண்டும். அதனை இயக்கும் கெர்னல் உயிரோடிருக்கவேண்டும். கடிதம் எழுதுபவருக்கோ கணக்குப் பதிபவருக்கோ இது பொருட்டாகாது. கெர்னலையே திருத்துபவரின் நிலையோ வேறு. தாம் எழுதிய ஒரு வரியிலே தவறு நேர்ந்தால் முறைமை முழுவதும் நின்றுவிடும். அவ்வேளையில் கண்ணுள்ளவரின் திரையிலே இறுதிச் செய்திகள் உறைந்து நிற்கும். அவர் அவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். விழிப்புலனற்றவருக்கோ எந்தக் கணத்தில் செய்தி வேண்டப்படுகிறதோ அந்தக் கணத்திலேயே குரல் அடைத்துப்போகும். நுனிக்கிளையிலிருந்து அடிமரம் வெட்டுதல் என்று நாம் பேதைமைக்கு உவமை கூறுவதுண்டு. இங்கே அது பேதைமையன்று, தொழிலின் இயல்பு. ஆகவே இத்துறைக் கருவியொன்றை மதிப்பிடும்போது, அது எத்தனை வசதிகளைத் தருகின்றது என்பதற்கு முன்னர், அதன் குரல் எந்தத் தளத்திலே நிற்கின்றது என்று கேட்டல் வேண்டும் என்பது எமது கருத்து.

இந்த அளவுகோலோடு முதலில் நோக்கவேண்டியது ஈமாக்ஸ்பீக். இதனை ஆக்கிய ரி. வி. ராமன் இந்தியாவிலே பிறந்து பதினான்காம் வயதில் பார்வையை முற்றாக இழந்தவர். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்விலே கணித நூல்களை ஒலிவடிவில் தரும் முறையொன்றை ஆக்கினார். அடுத்த ஆண்டில், 1995இல், ஈமாக்ஸ் என்னும் எழுத்துத்தொகுப்பிக்குக் குரல் கொடுக்கும் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டார். அவருடைய நோக்கினை விளக்க அவரே கையாண்ட நாட்காட்டி எடுத்துக்காட்டே போதுமானது. திரையிலே ஒரு மாதத்தின் நாட்கள் கட்டம் கட்டமாக நிற்கின்றன. சாதாரணத் திரைவாசிப்பான் அந்த வரியை ஒன்று, இரண்டு, மூன்று என எண்களின் கோவையாக ஒப்புவிக்கும். அந்நாள் செவ்வாயா புதனா என்பதை நிரலின் தலையிலுள்ள எழுத்தோடு கண் பொருத்திக்கொள்ளும், காது பொருத்திக்கொள்ளமாட்டாது. ஈமாக்ஸ்பீக்கோ கிழமையையும் மாதத்தையும் தேதியையும் ஒருங்கே கூறிவிடும். அதாவது திரையை அது வாசிப்பதில்லை. திரைக்குப் பின்னாலுள்ள பொருளை உரைக்கின்றது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவனுக்கும் உரையாசிரியனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இது என்றால் மிகையாகாது.

நிரல்களை வாசிக்கும்போது இந்நோக்கின் பயன் இன்னும் தெளிவாகும். விளக்கக் குறிப்புகள் ஒரு குரலிலும் மொழியின் ஒதுக்குச் சொற்கள் வேறொரு குரலிலும் ஒலிக்கும். கோப்பு திறக்கப்பட்டது, மூடப்பட்டது என்பன சிறு ஓசைகளால் உணர்த்தப்படும். கண்ணுள்ளோர் நிறத்தால் பெறுவதை இங்கு குரலின் வேறுபாடு தருகின்றது. எனினும் ஈமாக்ஸ்பீக்கின் குறை அதன் சிறப்பினின்றும் பிரிக்கமுடியாதது. பொருளை அறிந்து பேசுவதற்கு அது ஈமாக்ஸுக்குள்ளே வாழவேண்டியிருக்கிறது. ஈமாக்ஸுக்கு வெளியே அதற்கு வாழ்வில்லை. கெர்னலை எழுதும் மேசை அது. எழுதியதைச் சோதிக்கும் களத்துக்கு அது வரமாட்டாது.

எழுதும் மேசையிலேயே வேறு சில நுண்ணிய இடர்கள் உள. சி மொழியிலே உடுக்குறி ஒன்றா இரண்டா, சமன்குறி ஒற்றையா இரட்டையா என்பதிலே பொருள் முழுவதும் தங்கியிருக்கும். சாதாரண உரைக்கு அமைக்கப்பட்ட திரைவாசிப்பான் இவற்றில் பலவற்றை மௌனமாக விழுங்கிச் செல்லும். குறிகள் யாவற்றையும் கூறு எனப் பணித்தால், ஒரே வரி நீண்ட மந்திர உச்சாடனம்போல ஆகிவிடும். திருத்தங்களைக் காட்டும் வேறுபாட்டுக் கோப்பிலோ நிலைமை மேலும் கடினம். ஒரு வரி சேர்க்கப்பட்டதா நீக்கப்பட்டதா என்பதை வரியின் முதலெழுத்தாக நிற்கும் ஒரேயொரு கூட்டற்குறியோ கழித்தற்குறியோ சொல்கின்றது. அக்குறியைக் காது தவறவிட்டால் திருத்தத்தின் கருத்தே தலைகீழாகும். ஒரே வரியின் பழைய வடிவமும் புதிய வடிவமும் அடுத்தடுத்து நிற்கையில், இரண்டுக்குமிடையே மாறிய அந்த ஓர் எழுத்தைக் கண் கணத்திலே கண்டுகொள்ளும். காதோ முதல் வரியை நினைவில் ஏந்திக்கொண்டு இரண்டாவதைக் கேட்கவேண்டும்.

வரிகளை உள்தள்ளி எழுதும் மரபும் இத்தகையதே. கெர்னலின் எழுத்துநெறிப்படி ஒவ்வோர் உள்தள்ளலும் எட்டு எழுத்தளவினது. சி மொழியைத் தொகுக்கும் பொறிக்கு இத்தள்ளல் வேண்டியதில்லை. அடைப்புக்குறிகளே அதற்குப் போதும். தள்ளல் கண்ணுக்காகவே ஏற்பட்டது. ஏட்டுச்சுவடியிலே இடைவெளியுமின்றி நிறுத்தக்குறியுமின்றி ஓடிய தமிழை நாவலர் அச்சிலே குறியிட்டுப் பதித்ததை இங்கு ஒருவர் நினைக்கக்கூடும். சுவடியை வாய்விட்டு வாசித்தவனுக்குக் குறி தேவைப்படவில்லை. அச்சை மௌனமாக வாசித்தவனுக்குத் தேவைப்பட்டது. அதுபோலவே, அடைப்புக்குறிகளைச் செவியால் எண்ணிச் செல்லும் நிரலாளருக்குத் தள்ளல் பயனற்றது. ஆனால் அவர் அனுப்பும் திருத்தம் கண்ணுள்ளோரின் மரபுப்படி தள்ளப்பட்டிருந்தாலன்றி ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. இந்த இடத்திலே பொறி துணைசெய்கின்றது. எழுத்துநெறிப் பிழைகளைச் சுட்டும் செக்பாட்ச் என்னும் நிரல் நெடுநாளாக உண்டு. 2018 முதல், தள்ளலைத் தானே சீராக்கும் கிளாங்-பார்மற் கருவிக்கான அமைப்பும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றது. காணாத ஒன்றைக் கண்ணுள்ளோருக்காக ஒழுங்குசெய்யும் சுமை இவற்றால் பெரிதும் குறைந்தது. சோம்பல் மிகுந்த கண்ணுள்ள நிரலாளருக்கும் இவை உதவுவதால், இவற்றைப் பேணுவதற்கு ஆட்குறைவு ஏற்படுவதில்லை என்பதையும் கவனிக்க.

குரலின் எல்லைகளைக் கூறியபின் பிரெயிலைக் கூறாதிருத்தல் நியாயமன்று. குரல் ஓடிவிடும், பிரெயில் விரலின்கீழ் நிற்கும். கெர்னலில் பிழை நேர்ந்தால் வெளிப்படும் செய்தியிலே பதினாறு பதினாறு இலக்கங்களாலான முகவரிகள் வரிசையாக நிற்கும். பத்து இலக்கங்களோடு ஆங்கில எழுத்துகள் ஆறுங் கலந்த இக்கோவைகளைப் பேச்சாக்கி ஒருமுறை கேட்டவர் எவரும் மறுமுறை கேட்க விரும்பார். நாற்பது அறைகள் கொண்ட பிரெயிற் காட்டியிலே அவை எழுத்தெழுத்தாக அமைதியாக நிற்கும். 1995இல் தொடங்கப்பட்ட பி.ஆர்.எல்.ரி.ரி.வை என்னும் நிரல் லினக்ஸின் எழுத்துத்திரையை இவ்வாறு பிரெயிலில் தருவது. பின்னணியிலே ஓசையின்றி இயங்கும் இந்நிரல் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஆயினும் இத்துறையின் வரலாற்றிலே அதன் இடம் பெரிது.

அதனோடு தொடர்புடைய நிகழ்ச்சியொன்று நம் மொழிக்கும் உரியதாதலின் சற்று விரித்துக் கூறத்தக்கது. லினக்ஸின் எழுத்துத்திரை ஒரு வேளையில் ஆகக்கூடியது 512 எழுத்துருவங்களையே ஏற்கும். அவற்றுள் அடங்காத எழுத்தொன்று வந்தால், அதற்குப் பதிலாக வினாக்குறி போன்றதோர் உருவம் திரையிலே இடப்படும். கெர்னல் தன் நினைவிலே வைத்திருந்தது அந்த உருவத்தின் எண்ணை மாத்திரமே. மூல எழுத்து எதுவென்பது அக்கணத்திலேயே மறக்கப்பட்டுவிடும். ஆகவே தமிழ்ப் பெயருடைய கோப்பொன்றின் பெயரைக் கண்ணுள்ளவர் வினாக்குறிகளாகக் கண்டார். பிரெயிலை வாசித்தவரும் வினாக்குறிகளையே தடவினார். கண்ணுள்ளவர் வரைகலைத் திரைக்குச் சென்று தப்பித்துக்கொண்டார். 2018இல் வெளிவந்த 4.19ஆம் பதிப்பிலே, திரையிலுள்ள ஒவ்வோர் எழுத்தின் ஒருங்குறி எண்ணையும் உருவத்தோடு கூடவே பேணி, வி.சி.எஸ்.யூ. என்னும் வாயிலினூடாக வழங்கும் மாற்றம் சேர்க்கப்பட்டது. அம்மாற்றத்தை எழுதிய கெர்னல் நிரலாளர், இதன் முதன்மைப் பயனாளர் தாமே என்பதைத் தம் விளக்கத்தில் வெளிப்படையாகக் கூறியிருந்தார். அதன்பின் விளைந்தது விந்தையான நிலை. எழுத்துத்திரையிலே கண்ணுள்ளவர் இன்றும் தமிழைக் காணமுடியாது. ஆனால் தமிழ் அட்டவணையுடன் பிரெயில் வாசிப்பவர் அதே திரையிலே தமிழை வாசிக்கலாம். திரை என்பது கண்ணுக்குரிய பொருள் என்ற நினைப்பை இதைவிடத் தெளிவாக உடைத்துக்காட்டும் சான்றினை யாம் அறியோம். தமக்கு வேண்டியதைத் தாமே எழுதிக்கொள்ளக்கூடியவர் கெர்னலுக்குள்ளே இருந்தமையாலேயே இது நிகழ்ந்தது. வெளியே நின்று வேண்டுகோள் விடுத்திருப்பின் எத்தனை ஆண்டுகள் சென்றிருக்குமோ!

இவ்வையம் வீணானதன்று என்பதற்கு ஸ்பீக்கப்பின் வரலாறு சான்று. முன்னர் கூறிய அளவுகோலுக்கு மிக அண்மையில் வருவது இதுவே. 1990களின் பிற்பகுதியிலே கிர்க் ரைசர் தொடங்கிய இத்திரைவாசிப்பான் கெர்னலுக்குள்ளேயே வாழ்வது. கணினி எழும்போது கெர்னல் கூறும் முதற் செய்திகளையே, தொடர்வாயிலில் இணைத்த டெக்டோக் போன்ற பேச்சுப்பொறியினூடாக அது உரைக்கவல்லது. பயன்நிரல் ஏதும் எழாத வேளையில், ஒலியட்டை உறங்கும் வேளையில், அது பேசும். கெர்னல் நிரலாளருக்கு வேண்டிய குரல் இதுதான். ஆயின் இது நெடுங்காலம் கெர்னலுக்கு வெளியே ஒட்டுத்துண்டாகவே அலைந்தது. கெர்னலின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதனை மீள ஒட்டவேண்டியிருந்தது. 2010இல் அது ஸ்டேஜிங் எனப்படும் காத்திருப்பறைக்குள் அனுமதிக்கப்பட்டது. அங்கிருந்து வெளியேறி அணுக்கவசதிப் பகுதியிலே நிலையான இடம்பெற்றது 2020இல். பத்து ஆண்டுகள்! நிரலின் தரம் போதாது என்பதே கூறப்பட்ட காரணம், அது பொய்யுமன்று. தொடர்வாயிலை வேறெவரையும் கேளாது தானே நேராகக் கையாண்ட பழைய நிரல் அது. ஆனால் தரத்தை உயர்த்தும் பணி மிகச் சிலருடைய தோளிலேயே விழுந்திருந்தது. பெருநிறுவனங்கள் தம் சாதனங்களுக்கான இயக்கிகளை எழுத ஆட்களை அமர்த்தும். பேசும் கெர்னலை விற்று இலாபமீட்டுவார் இல்லை.

அத்திருத்தப் பணியின் ஒரு பகுதியாக 2017 அளவிலே, ஸ்பீக்கப்பின் புறப்பேச்சுப்பொறி இயக்கிகள் வாயிலை நேரே தொடுவதை விடுத்து, ரி.ரி.வை என்னும் பொது அடுக்கினூடாகப் பேசுமாறு மாற்றப்பட்டன. பொறியியல் நோக்கிலே இது சரியான முடிவு. பழைய தொடர்வாயில்கள் மறைந்து யூ.எஸ்.பி. வந்துவிட்ட காலத்திலே வேறு வழியும் இருக்கவில்லை. எனினும் எமது அளவுகோலின்படி நோக்கினால், குரல் ஒரு படி மேலே ஏறிவிட்டது. அது பேசுவதற்கு முன் கெர்னலின் இன்னுமொரு பகுதி நலமாயிருக்கவேண்டியதாயிற்று. மேலும், இன்று பெரும்பாலோர் தனியான பேச்சுப்பொறியை வைத்திருப்பதில்லை. ஸ்பீக்கப் தரும் எழுத்தை ஈஸ்பீக் என்னும் மென்பொருளுக்கு அனுப்பி, அதன் ஒலியை ஒலியட்டையினூடாகக் கேட்கின்றனர். கெர்னலுக்குள்ளே வாழும் திரைவாசிப்பான் தன் வாயைக் கெர்னலுக்கு வெளியே வைத்திருக்கிறது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். வீழ்ச்சியின் கணத்திலே அந்த வாய் முதலில் மூடிக்கொள்ளும்.

அவ்வாறாயின் விழிப்புலனற்ற கெர்னல் நிரலாளர் எவ்வாறுதான் வேலைசெய்கின்றனர்? விடை எளிது: வீழக்கூடிய கணினியையும் பேசுங் கணினியையும் வெவ்வேறாக வைத்துக்கொள்கின்றனர். முன்னர் இது தொடர்வடத்தால் இணைக்கப்பட்ட இரு பொறிகளால் இயன்றது. ஒன்று விழ, மற்றது அதன் இறுதிச் செய்திகளைப் பெற்று வாசித்தது. இன்று கியூ.ஈ.எம்.யூ. என்னும் மெய்நிகர்க் கணினி அதே வேலையை ஒரே பொறியிலே செய்கின்றது. வரைகலை வேண்டாம் எனப் பணித்தால், உள்ளேயுள்ள கணினியின் தொடர்வாயிலே வெளியேயுள்ள எழுத்துச் சாளரத்தில் வந்து நிற்கும். உள்ளே கெர்னல் மடிந்தாலும் வெளியே திரைவாசிப்பான் பேசிக்கொண்டிருக்கும். மடிந்த கதையை வரிவரியாக, வேண்டிய தடவைகள் கேட்கலாம். தொடர்வாயிலினூடாகவே பிழைதேடும் கே.ஜி.டி.பி.யும் இதற்குப் பொருந்தும். இவற்றுள் எதுவும் அணுக்கவசதிக் கருவி என்ற பெயரைத் தாங்கியதன்று. இத்துறையிலே விழிப்புலனற்றவருக்கு மிகவும் பயன்படுங் கருவிகள் பெரும்பாலும் எவருக்காகவும் தனியே ஆக்கப்படாத வெற்றெழுத்துக் கருவிகளே என்பது, அணுக்கவசதியை எப்பொழுதும் தனிச் சாளரமாகவும் தனி இணைப்பாகவும் கற்பனைசெய்வோர் சிந்திக்கவேண்டிய ஒன்று.

ஆனால் மெய்நிகர்க் கணினியிலே எல்லாவற்றையுஞ் சோதிக்கமுடியாது. உண்மையான வன்பொருளின் இயக்கியை எழுதுபவர் உண்மையான பொறியிலே கெர்னலை எழுப்பியாகவேண்டும். அங்கே முதலில் எதிர்ப்படும் பயோஸ் அமைப்புத்திரை பொதுவாக ஊமை. அடுத்து வரும் குரப் தெரிவுப்பட்டியலும் பேசாது. தொடக்கத்திலே ஓர் இசைத்துணுக்கை ஒலிக்கச்செய்து, பட்டியல் தோன்றிவிட்டது என்பதை மாத்திரம் அறியலாம். அதன்பின் அம்புவிசையை எத்தனை முறை அழுத்துவது என்பது நினைவாற்றலின் பாற்பட்டது. அடுத்த முறை எந்தக் கெர்னல் எழவேண்டும் என்பதை முன்கூட்டியே கட்டளையால் குறித்துவைத்தல் இதற்கு மாற்று. கெர்னலின் ஆயிரக்கணக்கான தெரிவுகளை அமைக்கும் இடத்திலும் இத்தகைய இரு வழிகள் உள. மெனுகொன்பிக் என்பது திரையிலே பெட்டிகளை வரைந்து காட்டும். திரைவாசிப்பான் அங்கு எந்த வரி ஒளிர்கின்றது என்று தடுமாறக்கூடும். பழைய கொன்பிக், ஓல்ட்கொன்பிக் என்பன ஒவ்வொரு வினாவாகக் கேட்டு விடையை வாங்கும். கண்ணுள்ளோர் இவற்றுள் முன்னதைச் சலிப்பூட்டும் முறையென ஒதுக்கிவிட்டனர். அது இன்னும் நீக்கப்படாதிருப்பது நல்வினை.

இத்தகைய பழைய வழிகள் கவனக்குறைவினால் அழிந்துவிடக்கூடும் என்பதே எமது அச்சம். கெர்னலின் ஆவணங்களிலே கோடுகளாலும் கூட்டற்குறிகளாலும் வரையப்பட்ட படங்கள் நிறைய உள. எழுத்தால் அமைந்தவையாயினும் அவை வாசிக்கத்தக்கவையல்ல. குரல் அவற்றை முடிவற்ற கோடு கோடு எனவே ஒப்புவிக்கும். படத்தின் கீழே இரண்டு வாக்கியம் எழுதுவதற்கு எவருக்கும் நேரமில்லை. 2024இல் வெளிவந்த 6.10ஆம் பதிப்பு முதல், கெர்னல் வீழும்போது வரைகலைத் திரையிலேயே அறிவிப்பொன்றைக் காட்டும் வசதி உண்டு. அதே ஆண்டின் 6.12ஆம் பதிப்பு அவ்வறிவிப்பைக் கியூ.ஆர். சதுரமாகக் காட்டவும் வல்லது. கைத்தொலைபேசியால் அதனைப் படம்பிடித்தால் பிழைச்செய்தி முழுவதும் எழுத்தாகக் கிடைக்கும். எழுத்தைப் படமாக்கும் இம்முறையை முற்றாகக் கண்டிக்க யாம் விரும்பவில்லை. படம்பிடித்தபின் கிடைக்கும் எழுத்தைத் தொலைபேசியின் திரைவாசிப்பானே உரைத்துவிடும் ஆதலின், ஒருவகையில் இது அறுந்த குரலை மீளத் தருவதுமாகும். ஆனால் தொலைபேசியைத் திரைக்கு நேரே நிறுத்தவேண்டியவருக்கு, திரையிலே சதுரம் தோன்றிவிட்டது என்று யார் சொல்வது? கெர்னல் வீழ்ந்தமையை அறிவிக்கப் பழைய விசைப்பலகைகளிலே ஓர் ஏற்பாடு முன்னரே உண்டு: அவற்றின் சிறு விளக்குகள் விட்டுவிட்டு மின்னும்.